மட்டம் பார்த்தவள்

எங்கள் ஃப்ரிட்ஜின் கதவு சரியாக மூடுவதில்லை என்று முதலில் கண்டுபிடித்தவள் நான். யாரும் நம்பவில்லை. ஏனென்றால் மற்றவர்களுக்கு அது மூடியது.

அக்கா இடுப்பால் ஓர் இடி இடிப்பாள். அக்காவின் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், குதிகாலால் ஓர் உதை விடுவார். இரண்டுக்கும் அது மரியாதையாக மூடிக்கொள்ளும். நான் கைப்பிடியைப் பிடித்து மெதுவாகத் தள்ளுவேன். ஒரு விநாடி ஒட்டியிருக்கும். நான் திரும்பியதும் விரல் நுழையும் அளவுக்குத் திறந்துகொண்டு, உள்விளக்கின் வெளிச்சத்தைத் தரையில் நீட்டும். பார்ப்பதற்கு நாக்கை நீட்டுவதுபோல இருக்கும்.

"உனக்கு மட்டும் எப்படிடி திறந்துக்குது?" என்பாள் அக்கா.

"விஞ்ஞானி கை பட்டா அதுக்கும் கூச்சம் வந்துடுது போல," என்பார் மாமா.

விஞ்ஞானி என்பது நான்தான். இயற்பியலில் பட்டம் வாங்கிவிட்டு, ஒரு வருடமாக அக்கா வீட்டில் தங்கிப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். அதற்காகப் பத்துப் பென்சில்கள் வாங்கினேன். இதுவரை இரண்டைச் சீவியிருக்கிறேன்.

நானும் கதவை ஓங்கி அறைந்து சாத்தியிருக்கலாம். ஆனால் நாங்கள் வளர்ந்த வீட்டில் கதவை அறைவது ஒரு வாக்கியம். அப்பா அறைந்தால் ஒரு பொருள், அம்மா அறைந்தால் வேறு பொருள். அக்கா அந்த மொழியில் பத்தி பத்தியாகப் பேசுவாள். எனக்கு அது கடைசிவரை வரவில்லை. பேசவே வராதவளுக்கு அறைய மட்டும் எப்படி வரும்?

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். என் படிப்பால் இந்த வீட்டுக்குக் கிடைத்த ஒரே நன்மையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அக்கா ஐந்து மாதங்களுக்கு முன் அலுவலக வேலையை விட்டாள். வீட்டிலேயே கேக், புட்டிங் செய்து விற்கத் தொடங்கினாள். அவளுடைய புட்டிங் கண்ணாடிப் பாத்திரத்தில் வரும். கீழே சிவப்பு ஜெல்லி, மேலே வெள்ளைப் பால் புட்டிங். நடுவில் தெரியும் கோடுதான் அழகு. அந்தக் கோடு ஆரம்பத்தில் சாய்வாக வந்தது. வாங்கிய ஒருவர், "கப்பல்ல வெச்சு செஞ்சீங்களா?" என்று கேட்டுவிட்டார். அக்கா அன்று சாப்பிடவில்லை.

நான் சொல்லப்போகும் செவ்வாய்க்கிழமைக்கு இரண்டு வாரங்களுக்கு முன், போனில் மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்து ஃப்ரிட்ஜுக்குள் வைத்தேன். பெட்டி பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது. குனிந்து பார்த்தேன். முன்கால்கள் இரண்டும் திருகு வைத்தவை. யாரோ அவற்றை வேண்டுமென்றே உயர்த்தி வைத்திருந்தார்கள். அவருடைய அறியாமைக்காக வருந்தி, ஸ்பேனரால் இரண்டையும் இறக்கினேன். செயலி பூஜ்யம் காட்டியது. பூஜ்யம் புள்ளி பூஜ்யம். அடுத்த பாத்திரத்தில் கோடு அடிக்கோல் வைத்து வரைந்ததுபோல வந்தது.

அக்கா தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டாள். "என் தங்கச்சி மட்டம் பார்த்துக் குடுத்தா. சும்மாவா, பிசிக்ஸ்!" நான் பக்கத்து அறையில் உட்கார்ந்து, காதில் விழாததுபோல முழுவதையும் கேட்டேன்.

கதவு திறந்துகொள்ள ஆரம்பித்ததும் அதே நாட்களில்தான். இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நான் முதல் வகுப்பில் தேறியவள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, அக்கா விட்டு வந்த அதே அலுவலகத்தில் ஒரு கூட்டம். நாற்பது பேர். புட்டிங் ஆர்டர் அக்காவுக்கு. ராஜினாமாக் கடிதத்தை வாங்கியபோது அவளுடைய மேலாளர், "ஆறு மாசம் பாருங்க. உங்க நாற்காலிய அப்படியே வெச்சிருக்கேன்," என்று சொல்லியிருந்தார். ஆறாவது மாதம் தொடங்க நான்கு நாள் இருந்தது. அக்காவுக்கு இது புட்டிங் இல்லை. அந்த நாற்காலிக்குச் சொல்லும் பதில்.

ஆறு நீளக் கண்ணாடிப் பாத்திரங்கள். சிவப்பு முந்தைய நாளே உறைந்திருந்தது. காலை ஒன்பதரைக்கு மேலே வெள்ளையை ஊற்றி உள்ளே வைத்தாள். குளிர் சரியாக இருந்தால் உறைய இரண்டு மணி நேரம். பத்து மணிக்குப் பைகளைத் தூக்கிக்கொண்டாள்.

"மூடி, ரிப்பன், ஐஸ் பை எல்லாம் வாங்கிட்டு ரெண்டு மணிக்கு வந்துடுவேன். நீ ஒண்ணும் செய்ய வேணாம். கதவ மட்டும் பார்த்துக்க."

"சரிக்கா."

"மாமா நைட் டியூட்டி முடிச்சுட்டு இப்பதான் படுத்தாரு. எழுப்பிடாத."

"சரிக்கா."

"சரிக்கா சரிக்கான்னு சொல்லாத, பயமா இருக்கு."

"சரிக்கா."

அவள் போனதும் நான் ஒரு முறை தண்ணீர் எடுத்துவிட்டு, வழக்கம்போல மெதுவாக மூடியிருந்தேன். பத்தே முக்காலுக்கு மறுபடி தண்ணீர் குடிக்கப் போனபோது தரையில் வெளிச்சம் நீண்டிருந்தது. அக்காவின் சமையல் தெர்மாமீட்டரை உள்ளே வைத்தேன். நான்கு டிகிரி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பது.

நான் பதறவில்லை. முறைப்படி போனேன். கதவைச் சுற்றியுள்ள ரப்பரில் அழுக்கு இருந்தால் ஒட்டாது. எனவே சோப்பு நீரில் துணியை நனைத்துத் துடைத்தேன். ரப்பரில் இடைவெளி இருக்கிறதா என்று காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் இறுக்கமாகப் பிடித்தது. கதவுத் தட்டில் இருந்த புட்டிகளை எல்லாம் எடுத்து எடையைக் குறைத்தேன். பிறகு மெதுவாகத் தள்ளினேன். ஒட்டியது. திரும்பினேன். நாக்கு.

நாற்காலியை முட்டுக்கொடுத்தேன். வழுவழுப்பான தரையில் அது பின்வாங்கியது. நாற்காலியின்மேல் மைதா மாவு மூட்டையை வைத்தேன். மூட்டையோடு பின்வாங்கியது. கடைசியாக நானே கதவில் முதுகை வைத்துத் தரையில் உட்கார்ந்தேன். அக்கா வரும்வரை இப்படியே இருந்துவிடலாம் என்று முடிவு செய்தேன். யாரிடமும் பேசத் தேவையில்லாத தீர்வு என்பதால் மிகவும் பிடித்திருந்தது.

ஆனால் அடியில் அழுத்தினால் மேல்மூலை வாய் திறந்தது. எழுந்து நின்று சாய்ந்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்தேன். ஒன்பது. பத்து. பதினொன்று. ஏறுவதை அழகான வரைபடமாகப் போடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. குறிப்பதற்காக ஒவ்வொரு முறையும் நானே கதவைத் திறந்துகொண்டிருந்தேன். அளப்பது அளக்கப்படும் பொருளைப் பாதிக்கும் என்று தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியிருக்கிறேன். ஐந்துக்கு ஐந்து.

அக்காவிடமிருந்து செய்தி வந்தது. "எப்படி இருக்கு?"

கட்டைவிரல் படத்தை அனுப்பினேன்.

ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் மெக்கானிக்கின் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. போன் எண்ணுக்குக் கீழே, "எந்நேரமும் அழைக்கலாம்." சிலருக்கு அது வசதி. எனக்கு மிரட்டல்.

முன்பின் தெரியாதவருக்குப் போன் செய்வதற்கு எனக்கு ஒரு முறை உண்டு. சொல்ல வேண்டியதை எழுதி வைத்துக்கொள்வேன். காகிதத்தைக் கதவிலேயே வைத்து எழுதினேன். எண்ணை அழுத்தினேன். எடுத்தார். படித்தேன்.

"வணக்கம். எங்கள் இல்லத்தில் உள்ள குளிர்சாதனப் பெட்டியின் கதவு முழுமையாக மூடப்படவில்லை. தங்கள் சேவை உடனடியாகத் தேவைப்படுகிறது."

மறுமுனையில் அவர் பக்கத்திலிருந்த யாரிடமோ சொன்னது கேட்டது. "கம்ப்யூட்டர் பேசுதுப்பா. ஒண்ண அமுக்கு ரெண்ட அமுக்குன்னு சொல்லும் பாரு." வைத்துவிட்டார்.

காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மறுபடி போட்டேன்.

"வெச்சுடாதீங்கண்ணே. நான் மனுஷிதான்."

"யாரும்மா?"

"மூணாவது மாடி. கேக் பண்றவங்க வீடு. ஃப்ரிட்ஜ் கதவு மூட மாட்டேங்குது."

"அட, நான் கொண்டாந்து வெச்ச பொட்டிதானே? இப்பத்தான் இதே மாதிரி ஒரு மெஷின் போன் பண்ணிச்சு."

"அதுவும் நான்தான்."

அவர் அதைக் கிண்டல் செய்யாமல் வேலைக்கு வந்தார். நல்ல மனிதர்.

"ரப்பர் எங்கயாச்சும் கிழிஞ்சிருக்கா?"

"இல்ல. காகிதம் வெச்சு இழுத்துப் பார்த்தேன். சுத்தி எல்லா எடத்துலயும் பிடிக்குது."

"பரவால்லியே, வெவரமாத்தான் இருக்கீங்க. உள்ள பாத்திரம் ஏதும் இடிக்குதா?"

"இல்ல."

"அடியில யாராச்சும் கை வெச்சீங்களா? முன்னாடி ரெண்டு கால் இருக்கும், திருகு மாதிரி. நான் அளவா தூக்கி வெச்சுட்டுப் போனேன்."

அந்த நொடியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெட்டி பின்னால் சாய்ந்திருந்தால் கதவு தன் எடையாலேயே உள்பக்கம் வரும். சாய்தளம், ஈர்ப்பு விசை. முதல் ஆண்டு, முதல் பாடம். அறியாமைக்காக நான் வருந்திய அந்த 'யாரோ' இப்போது போனில் பேசிக்கொண்டிருந்தார். கண் முன்னே அக்கா, "சும்மாவா, பிசிக்ஸ்!" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றேன். "யாரும் கை வைக்கல."

"அப்போ கீல் தேஞ்சிருக்கும். கழட்டித்தான் பார்க்கணும். நாளைக்குக் காலையில வரேன்மா."

"சரிங்கண்ணே."

வைத்ததும் தரையில் படுத்து முன்கால்களைப் பார்த்தேன். இறக்கியவள் ஏற்றிவிட்டால் போகிறது, யாருக்கும் தெரியாது. ஸ்பேனரைப் போட்டுத் திருகினேன். அசையவில்லை. இறக்கும்போது பெட்டியின் எடை எனக்கு உதவி செய்திருக்கிறது. ஏற்ற வேண்டுமென்றால் அதே எடை எனக்கு எதிரி. தவிர, எவ்வளவு இறக்கினேன் என்று எங்கும் குறித்து வைக்கவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சூட்டைக் குறித்தவள் நான்.

கதவைத் திறந்து ஒரு பாத்திரத்தை லேசாக அசைத்தேன். வெள்ளை ஓரத்தில்கூடப் பிடிக்கவில்லை. பால்போல ஆடியது. மணி பதினொன்று நாற்பது. மூன்று மணிக்கு நாற்பது பேருக்கு முன்னால் அக்கா இதை ஊற்றிக் கொடுப்பாள். அந்த மேலாளர் பெருந்தன்மையாக நாற்காலியைக் காட்டுவார்.

ஒரே நாளில் மூன்றாவது போன். இது என் சாதனை.

"அண்ணே, நான்தான்."

"சொல்லு மெஷின்."

"நான் பொய் சொல்லிட்டேன். காலை இறக்கினது நான்தான்."

"ஏன்?"

"மட்டம் பார்த்தேன்."

"என்ன பார்த்த?"

"மட்டம். ஃப்ரிட்ஜ் சாய்வா இருந்துச்சு. சரி பண்ணேன். சுத்தமா பூஜ்யம் வந்துச்சு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்திலிருந்தவரிடம் விவரம் சொன்னார். அவரும் சிரித்தார். நான் கதவில் சாய்ந்தபடி காத்திருந்தேன்.

"படிச்ச பொண்ணா?"

"பிசிக்ஸ்."

"அதானே பார்த்தேன். மட்டம் பார்க்கிறேன்னு எவ்ளோ மட்டமா ஒரு வேலை பண்ணி வெச்சிருக்க! ஃப்ரிட்ஜுன்னா வயிறு நெறைய சாப்பிட்ட ஆளு மாதிரி கொஞ்சம் பின்னால சாஞ்சு ஒக்காரணும்மா. வெறப்பா நின்னா கதவு எப்படித் தானா வரும்?"

"எவ்வளவு தூக்கணும்?"

"ஒரு விரல்."

"எத்தனை மில்லிமீட்டர்?"

"விரலும்மா, விரல்."

"எந்த விரல்?"

பெருமூச்சு கேட்டது. "மோதிர விரல்னு வெச்சுக்க. தனியா தூக்காத, முதுகு போயிடும். ஒருத்தர் மேல பிடிச்சு லேசா பின்னால சாய்க்கணும், ஒருத்தர் திருகணும்."

ஒருத்தர் என்றால் மாமா. மாமா உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு, இரவெல்லாம் மருத்துவமனை வார்டில் நின்ற களைப்பில் தூங்குகிறார். அவருக்குப் போன் போட்டேன். அது சமையல் மேடையின்மேல் அதிர்ந்தது. "மாமா," என்று கூப்பிட்டேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டேன். குழாயில் சொட்டிய தண்ணீர் என்னைவிட உரக்கப் பேசியது. நான் போய் எழுப்பலாம் என்றால் கதவு திறந்துகொள்ளும்.

வேறு வழியில்லை. கைப்பிடியை இழுத்து, கண்ணை மூடிக்கொண்டு, ஃப்ரிட்ஜின் கதவை ஓங்கி அறைந்தேன்.

வீடே அதிர்ந்தது. கதவு மோதி, எகிறித் திறந்து என் முழங்கையில் இடித்தது. உள்ளறைக் கதவு திறந்து, லுங்கியைப் பிடித்துக்கொண்டு மாமா ஓடி வந்தார்.

"என்னாச்சு? அக்காகூட சண்டையா?"

"இல்ல மாமா. ஃப்ரிட்ஜ்கூட."

மூன்று வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னேன். மூன்றாவது வாக்கியத்தில் அவர் தூக்கம் முற்றிலும் கலைந்துவிட்டது.

"அப்போ நீதான் வில்லனா? நாங்க பாவம் கதவ உதைச்சுக்கிட்டு இருந்தோம்."

"அப்புறம் சிரிங்க மாமா. சாய்ங்க. மெதுவா, வெள்ளை இன்னும் தண்ணியா இருக்கு."

நோயாளிகளைத் திருப்பிப் படுக்க வைத்துப் பழகிய கைகள். பெட்டி முனகாமல் பின்னால் சாய்ந்தது. நான் படுத்துக்கொண்டு இரண்டு கால்களையும் திருகினேன். மோதிர விரலை அடிக்கோலில் வைத்து ஏற்கனவே அளந்திருந்தேன். பதினான்கு மில்லிமீட்டர். அவர் பெட்டியை இறக்கினார். ஒரே விரலால் கதவைத் தொட்டேன். அது தானாக நகர்ந்து போய், 'டப்' என்று ஒட்டிக்கொண்டது. திரும்பி நின்றேன். தரையில் வெளிச்சம் இல்லை.

"முடிஞ்சுதா? நான் போய்ப் படுக்கவா?" என்றார் மாமா.

"முடியல மாமா. இப்போ கோடு சாய்ஞ்சுடும்."

பெட்டி சாய்ந்தால் உள்ளே உறைகிற வெள்ளையின் மேல்பரப்பும் பாத்திரத்தில் சாய்வாக நிற்கும். சிவப்பு நேராக, வெள்ளை கோணலாக. கப்பல். பெட்டியைச் சாய்க்காவிட்டால் உறையாது. சாய்த்தால் கோணல். நான் அடிக்கோலோடு தரையில் உட்கார்ந்தேன். ஃப்ரிட்ஜின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடையே ஐம்பத்தாறு சென்டிமீட்டர். பாத்திரத்தின் நீளம் இருபத்தெட்டு. சரிபாதி. அப்படியென்றால் பாத்திரத்தின் பின்பக்கத்தை விரலில் பாதி தூக்கினால் போதும். ஏழு மில்லிமீட்டர். பெட்டி எப்படி வேண்டுமானாலும் சாய்ந்து கொள்ளட்டும், பாத்திரம் மட்டமாக இருந்தால் போதும். இது இரண்டு வாரங்களுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டியது.

"ஏழு மில்லிமீட்டர்ல வீட்டுல என்ன இருக்கு மாமா?"

"என்னோட பொறுமை."

எழுந்து போய் என் மேசையிலிருந்து பென்சில் பெட்டியைக் கொண்டுவந்தேன். ஏழு மில்லிமீட்டர். சீவாத எட்டில் ஆறை எடுத்து, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பின்பக்கம் அடியில் ஒன்று வைத்தேன். போட்டித் தேர்வுக்கு வாங்கியவை ஒருவழியாக வேலைக்குச் சேர்ந்தன. எனக்கு முன்பாக.

பிறகு கதவை மூடினேன். தெர்மாமீட்டரை வெளியிலேயே வைத்துவிட்டேன். இரண்டு மணிவரை திறக்கவே இல்லை. என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கடினமான ஆய்வு அதுதான்.

அந்த நேரத்தில் அக்காவிடம் சொல்ல வேண்டியதை எழுதினேன். மூன்று முறை அடித்துத் திருத்தினேன்.

அக்கா வந்தாள். பைகளைப் போட்டாள். நேராக ஃப்ரிட்ஜுக்குப் போய்த் திறந்து, ஒரு பாத்திரத்தை அசைத்துப் பார்த்தாள். வெள்ளை அசையவில்லை. கோடும் மேல்பரப்பும் தண்டவாளம்போல ஒன்றுக்கொன்று இணையாக இருந்தன. அடியில் பார்த்தாள்.

"இது என்னடி பென்சிலு? புட்டிங் பரீட்சை எழுதுதா?"

நான் காகிதத்தை விரித்தேன். "அக்கா, கடந்த இரண்டு வாரங்களாக நமது..."

அவளுடைய போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ரிப்பனைப் பிரிக்க ஆரம்பித்தாள்.

"கேக் மேடமா? ஃப்ரிட்ஜ் மெக்கானிக் பேசறேன். அந்த மட்டம் பார்த்த பொண்ணு இருக்குதா? கதவு மூடிச்சான்னு கேளுங்க. கால எறக்கி வெச்சுட்டு பாவம் பயந்து போயிருந்துச்சு."

ரிப்பன் நின்றது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் காகிதத்தைப் பார்த்தேன்.

"மூடிச்சுங்க," என்று அவள் போனில் சொன்னாள். வைத்துவிட்டு என் கையிலிருந்து காகிதத்தை வாங்கி முழுவதும் படித்தாள். இரண்டாவது பக்கத்தையும் படித்தாள்.

"உன்ன நான் எத்தனை பேருகிட்டடி புகழ்ந்தேன்!"

"ஏழு பேரு."

"எண்ணினியா?"

"கேட்டுச்சு."

உள்ளறையிலிருந்து மாமாவின் குரல் வந்தது. "நான் அப்பவே சொன்னேன், எல்லாம் விஞ்ஞானி கை பட்டதாலதான்னு!"

அக்கா சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அழுதுகிட்டு நிக்காத. செருப்ப மாட்டு. வழியெல்லாம் வேகத்தடை. பாத்திரத்தப் பிடிச்சுக்க ஆள் வேணும், மட்டம் பார்த்துக்கிட்டே வா."

நான் அழவில்லை. கொஞ்சம்தான்.

வாடகைக் காரின் பின் இருக்கையில் ஆறு பாத்திரங்களோடு உட்கார்ந்து போனேன். மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நீள மேசையில் அவற்றை வரிசையாக வைத்தோம். ஆட்கள் வந்து குனிந்து பார்த்தார்கள். சிலர் போனில் படம் எடுத்தார்கள். வழுக்கைத் தலையும் மடிப்புக் கலையாத சட்டையுமாக ஒருவர் தட்டோடு வந்தார். அக்கா நிமிர்ந்து நின்ற விதத்திலேயே அவர்தான் மேலாளர் என்று தெரிந்தது. ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். மூன்றாவது வாய்க்குப் பிறகு அக்காவிடம் சொன்னார்.

"அந்த நாற்காலிய வேற ஆளுக்குக் குடுத்துடறேம்மா."

"குடுங்க சார்," என்றாள் அக்கா. அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் மேசைக்கு அடியில் என் கையைப் பிடித்திருந்தாள். வலித்தது.

"இந்தக் கோடு எப்படி இவ்ளோ நேரா வருது?"

"என் தங்கச்சியக் கேளுங்க. அதெல்லாம் அவ டிபார்ட்மென்ட்."

அவர் என் பக்கம் திரும்பினார். என்னிடம் காகிதம் இல்லை. தொண்டையில் ஐம்பத்தாறும் இருபத்தெட்டும் முட்டிக்கொண்டு நின்றன. கடைசியில் ஒரே ஒரு சொல் வெளியே வந்தது.

"பென்சில்."

அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். "பென்சில் இல்லையேம்மா. பேனா போதுமா?"

வாங்கிக்கொண்டேன். நன்றி என்றும் சொன்னேன்.

நல்ல பேனா. மூடி தங்க நிறம். திருப்பிக் கொடுப்பதற்கு முதலில் அவருக்குப் போன் செய்ய வேண்டும். என்ன சொல்வது என்று எழுதி, ஃப்ரிட்ஜின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒன்பது நாளாகிறது.